முதுகைக் காட்டுங்கள், பெயர் சொல்லலாம்: காரை அம்மோனைட்டுகளை இனம் பிரிப்பது

பெரம்பலூர் பக்கம் காரையில் மழை அரித்த களிமண் மேட்டில் கிடந்த மூன்று கற்களின் படங்களை அனுப்பியிருந்தீர்கள். “மூன்றும் அம்மோனைட்தானே? ஒரே இனமா, வேறு வேறா? ஓட்டின் வடிவத்தையும் மேலே உள்ள வரி, முண்டுகளையும் வைத்து எப்படிப் பிரிக்கிறார்கள்?” என்பது கேள்வி. அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து, வெகுகாலம் முன்பே அழிந்துபோன கடற்பிராணி. கல்லாகிப்போன அதன் ஓடுதான் இங்கே பேச்சு. முதல் கல்லில் கனமான விலாக்கள், அதாவது புடைத்து நிற்கும் வரிகள், இருக்கின்றன. இரண்டாவதில் முண்டு முண்டாகத் தெரிகிறது. மூன்றாவது மொழுமொழுவென்று இருக்கிறது.

படங்கள் தெளிவுதான். ஆனால் மூன்றையும் படுக்க வைத்து மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். சுருள் அழகாகத் தெரிவது அந்தப் பக்கத்தில்தானே. பெயர் சொல்பவருக்கு வேண்டிய செய்தியில் பாதி வெளி விளிம்பில் இருக்கிறது. சைக்கிள் டயரில் தரையில் படும் இடம் எதுவோ, அந்த இடம். புத்தகங்களில் இதை வயிற்றுப்புறம் என்பார்கள், ஏனென்றால் உள்ளே வாழ்ந்த பிராணியின் அடிப்பக்கம் அங்கேதான் இருந்தது. கல்லைக் கையில் வைத்திருப்பவருக்கு அது முதுகாகத்தான் படும், அதனால் நான் முதுகு என்றே எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு துணையும் உண்டு. காரைப் பக்கம் கிடைக்கும் டெஸ்மோசெரஸ் லாட்டிடார்சாட்டம் என்ற இனத்தின் பெயருக்கு லத்தீனில் ‘அகன்ற முதுகுடையது’ என்றுதான் பொருள். பெயர் வைத்தவருக்கும் அது முதுகாகவே பட்டிருக்கிறது.

முதலில் சுருளைப் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை எவ்வளவு மூடுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. சிலவற்றில் கைமுறுக்கு சுற்றியது போல எல்லாச் சுற்றும் வெளியே தெரியும். சிலவற்றில் தலைப்பாகை கட்டியது போல கடைசிச் சுற்று மற்றதையெல்லாம் மறைத்துவிடும், நடுவில் ஒரு குழி மட்டும் மிஞ்சும். அந்தக் குழிக்குத் தொப்புள் என்று பெயர். இதைக் கண்மதிப்பில் விடாமல் அளந்துவிடுவது நல்லது. வெர்னியர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். கல்லின் முழு விட்டம் 80 மி.மீ., தொப்புளின் அகலம் 20 மி.மீ. என்றால் தொப்புள் விகிதம் 25 சதவீதம். அடுத்து, கடைசிச் சுற்றின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். அகலம் குறைவென்றால் தட்டையான ஓடு, உயரம் குறைவென்றால் குண்டு ஓடு. எந்த விட்டத்தில் அளந்தீர்கள் என்பதைக் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். வளர வளர இந்த விகிதங்கள் மாறும். 30 மி.மீ. குட்டியை 150 மி.மீ. பெரியதோடு ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

சுற்றின் குறுக்குவெட்டும் முக்கியம். உடைந்த முனையை நேராகப் பார்த்தால் அது வட்டமா, சதுரமா, முட்டையா, வேல் முனை போலக் கூர்ந்ததா என்று தெரிந்துவிடும். உடைந்த கல் என்று வருத்தப்பட வேண்டாம். முழுக் கல்லில் ஒளிந்திருக்கும் குறுக்குவெட்டு உடைந்த கல்லில் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது முதுகுக்கு வருவோம். உங்கள் முதல் கல்லில் விலாக்கள் பக்கவாட்டில் ஏறி விளிம்புவரை போகின்றன. அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். முதுகின் நடுவில் கூரையின் முகட்டைப் போல ஒற்றை வரப்பு ஓடி, விலாக்கள் அதன் இரு பக்கமும் நின்றுவிட்டால் அது மார்டோனிசெரஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சதுரமான சுற்று, தடித்த விலா, விலாவின் மேல் வரிசையாக முண்டுகள், நடுவில் முகடு என்றால் அந்தப் பேரினம்தான் (உறவான இனங்கள் சேர்ந்தது பேரினம்). ஊட்டத்தூர்த் தொகுதி என்ற பாறை வரிசையின் கீழ்ப் படிவுகளில், அதாவது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக்கு முந்தைய அடுக்குகளில் அது வரும்.

அதே முதுகில் மூன்று முகடுகள், நடுவில் ஒன்றும் இரு ஓரங்களில் ஒவ்வொன்றும், இடையில் இரண்டு வாய்க்கால்களும் இருந்தால் கதை வேறு. அது பெரோனிசெரஸ் பக்கம் போகும். அதில் ஒரு இனத்துக்கு திராவிடிகம் என்றே பெயர். அது கிடைப்பது காரைக் களிமண்ணில் அல்ல. அதற்கு மேலே, காலத்தால் பிந்திய திருச்சிராப்பள்ளித் தொகுதியின் மணற்பாறைகளில் தேட வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ‘விலா உள்ள சுருள்’ என்று ஒன்று போலத் தெரியும். முதுகைத் திருப்பினால் ஒரு நொடியில் பிரிந்துவிடும். எந்த மேட்டில், எந்த அடுக்கில் எடுத்தீர்கள் என்று நான் குடைந்து குடைந்து கேட்பதும் இதனால்தான். ஓடை அடித்து வந்த கல்லாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

விலாக்களில் பார்க்க வேண்டியது நிறைய உண்டு. ஒற்றையாகப் போகிறதா, பாதி வழியில் கவட்டை போல இரண்டாகப் பிரிகிறதா, இரண்டு நீள விலாக்களுக்கு நடுவே தொப்புளைத் தொடாத குட்டை விலா ஒன்று செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டின் வாயை நோக்கிச் சாய்கிறதா, பின்னே சாய்கிறதா, அரிவாள் போல வளைகிறதா என்றும் பாருங்கள். அரைச் சுற்றில் எத்தனை விலா என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இறுக்கங்கள். ஓட்டைச் சுற்றி நூலைக் கட்டி இழுத்தது போல இடைவெளிவிட்டுப் பள்ளங்கள் வரும். கோஸ்மாட்டிசெரஸில் அந்தப் பள்ளம் சாய்வாக ஓடி, பக்கத்து விலாக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இரண்டாவது கல் முண்டுக்காரர். இங்கே வேலை எண்ணுவதுதான். ஒரு விலாவைத் தேர்ந்தெடுத்து, தொப்புள் ஓரத்திலிருந்து முதுகைத் தாண்டி மறுபக்கத் தொப்புள்வரை விரலால் தடவிக்கொண்டே போய் முண்டுகளை எண்ணுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகவே வரும். தொப்புள் ஓரத்தில் ஒன்று, தோள்பட்டையில் (பக்கமும் முதுகும் சேரும் இடம்) உள்ளும் புறமுமாக இரண்டு, முதுகின் நடுக்கோட்டில் ஒன்று என்று வந்தால் அகாந்தோசெரஸ், கலிகோசெரஸ் கூட்டம். முதுகின் நடுக்கோட்டு முண்டு மட்டும் இல்லை, இரு தோள்களுக்கும் இடையே தட்டையாக அல்லது சற்றுக் குழிந்து விலா மட்டும் கடக்கிறது என்றால் மாண்டெல்லிசெரஸைப் பார்க்க வேண்டும். பெரிய பிரிவு ஒன்று அந்த ஒற்றை முண்டு வரிசையில் நிற்கிறது. அந்த வரிசை இருப்பது முதுகின் நட்டநடுவில், நீங்கள் படம் எடுக்காத இடத்தில்.

இங்கே நான் பட்ட அடி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் காலத்தில் ஓடியம் பக்கம் பொறுக்கி வந்த கற்களில், முண்டுகள் தெளிவாக இருந்த சின்னக் கல்லுக்கு ஒரு பெயரும், முண்டே இல்லாமல் தடித்த விலாக்கள் முதுகைத் தாண்டி வளையம் போல ஓடிய பெரிய துண்டுக்கு இன்னொரு பெயரும் எழுதி ஒட்டி, பெருமையாக மேசையில் வைத்திருந்தேன். எங்கள் பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து மூன்றாவது கல்லை எடுத்து, அதன் வெளிச்சுற்றைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கழற்றினார். வெளியே இருந்தது என் ‘இரண்டாவது இனம்’. கழன்ற இடத்தில், உள்ளே, என் ‘முதல் இனம்’ உட்கார்ந்திருந்தது. கலிகோசெரஸில் இது சகஜம். இளமையில் முண்டுகள் நான்கு விதமாகவும் இருக்கும், வயதாக ஆகத் தேய்ந்து விலா மட்டும் மிஞ்சும். அம்மோனைட் தன் குழந்தைப் பருவத்தைத் தூக்கி எறிவதில்லை, சுருட்டி உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதனால் உள்சுற்றைப் பார்க்காமல் வெளிச்சுற்றுக்குப் பெயர் வைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

வளர்ந்து முடிந்ததா, இன்னும் வளரும் குட்டியா என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. ஓட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் உண்டு. வளர்ச்சி நிற்கும் தறுவாயில் கடைசிச் சில தடுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். கடைசி அரைச் சுற்று தொப்புளை விட்டுக் கொஞ்சம் விலகிப் போவதும் உண்டு. இந்த அடையாளம் ஏன் வேண்டும் என்றால், ஆண் பெண் விவகாரம். ஒரே இனத்தில் பெரிய ஓடு ஒன்றும், அதில் பாதியோ அதற்கும் குறைவோ ஆன சின்ன ஓடு ஒன்றும், உள்சுற்றுகள் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தும், முதிர்ச்சியில் வேறு வேறு முகத்தோடு நிற்கும். ஜுராசிக் காலத்துச் சின்ன ஓடுகள் பலவற்றில் வாயின் இருபுறமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். 1962இல் போலந்தில் மாகோவ்ஸ்கியும் 1963இல் இங்கிலாந்தில் காலமனும் தனித்தனியாக இதை ஆண், பெண் வேறுபாடு என்று நிலைநாட்டினார்கள். அதுவரை கணவன் ஒரு பேரினத்திலும் மனைவி இன்னொரு பேரினத்திலும் குடியிருந்த சோடிகள் ஏராளம். பெரியது பெண், சின்னது ஆண் என்பதுதான் பொதுவான கருத்து.

இன்னொரு கண்ணி, ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு. ஒரே அடுக்கில் ஐம்பது கல் எடுத்து வரிசைப்படுத்தினால் ஒரு முனையில் மெலிந்து, விலா லேசாக உள்ளவை நிற்கும், மறுமுனையில் குண்டாக, தடித்த விலாவும் முண்டும் உள்ளவை நிற்கும். நடுவில் எல்லாப் படிநிலையும் இருக்கும். குண்டு ஓட்டுக்குத் தடித்த அலங்காரம், ஒல்லி ஓட்டுக்கு மெல்லிய அலங்காரம் என்ற இந்தச் சேர்க்கையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பக்மன் என்ற ஆங்கிலேயர் கவனித்தார். வேடிக்கை என்னவென்றால், அதே பக்மன்தான் சின்னச் சின்ன வேறுபாட்டுக்கெல்லாம் புதுப் பெயர் சூட்டியவர். 1966இல் வெஸ்டர்மன் என்பவர் சோனினியா என்ற ஜுராசிக் அம்மோனைட்டை எடுத்து, பக்மன் வைத்த பெயர்களில் பெரும் பகுதி ஒரே இனத்தின் முகங்கள்தான் என்று காட்டி, அந்தச் சேர்க்கைக்குப் ‘பக்மன் விதி’ என்றே பெயரும் வைத்தார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா என்பது உங்கள் பாடு.

அதனால் என் வழக்கம் இதுதான். ஒரு கல் இருந்தால் பேரினம் வரை போவேன். இனப்பெயர் வேண்டும் என்றால் அதே அடுக்கிலிருந்து பத்துக் கல்லாவது கொண்டுவரச் சொல்வேன். ஒற்றைக் கல்லின் படத்தைப் பார்த்து அடுத்த நிமிடமே இனப்பெயர் சொல்பவர் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

நம்மூர்க் கற்களுக்குப் பெயர் வந்த கதையிலும் இதே இழுபறி இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே வழுதாவூர் வட்டாரத்தில் கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்தவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். இந்திரா, பிரம்மா, விஷ்ணு, சூர்யா, வருணா என்று தேவலோகத்தையே இறக்கிப் பெயர் சூட்டினார். அன்று எல்லாமே ‘அம்மோனைட்டிஸ்’ என்ற ஒரே பேரினம். பிறகு 1860களில் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காகத் திருச்சி மாவட்டத்துக் கற்களை விவரித்தபோது, பலவற்றுக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த இனப்பெயர்களையே பொருத்தினார். 1890களில் வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் மறுபடி பார்த்தபோது அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் புதுப் பெயர் கொடுத்தார். ஓடியத்தில் என்னை ஏமாற்றிய அந்தக் கலிகோசெரஸின் இனப்பெயரான நியூபோல்டி அவர் வைத்ததுதான். ஃபோர்ப்ஸின் பிரம்மா இன்று பிரம்மாயிட்டிஸ் பிரம்மா. இந்திரா, சூடோபில்லைட்டிஸ் இந்திரா ஆகி, உலகின் பல கடல்களின் படிவுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

சரி, கல்லைப் படிக்கும்போது ஏமாற்றும் இன்னொன்று, கையில் இருப்பது ஓடா, உள்ளச்சா என்பது. சிறுவர்கள் கொட்டாங்குச்சியில் ஈர மணலை அடைத்துக் கவிழ்த்து இட்லி செய்வார்களே, அந்த மணல் இட்லிதான் உள்ளச்சு. கொட்டாங்குச்சியின் வெளிப்புற நார் அதில் பதியாது. அதே போல அம்மோனைட்டின் ஓடு கரைந்து உள்ளே இறுகிய சேறு மட்டும் மிஞ்சினால் விலாக்கள் மழுங்கித் தெரியும். நீண்ட முள் இருந்த இடத்தில், முள்ளின் அடியை உள்பக்கம் ஓடு மூடியிருந்தால், வெறும் மொட்டை முண்டு மட்டும் நிற்கும். சில இனங்களில் முகடு உள்ளீடற்றது, அது உடைந்து போய் முதுகு வழவழப்பாகிவிடும். ‘முண்டு உள்ள இனம், முள் உள்ள இனம்’ என்று இரண்டாகப் பிரித்தவர்கள் பார்த்தது சில நேரம் ஒரே இனத்தின் ஓட்டையும் உள்ளச்சையும்தான்.

உள்ளச்சில் ஒரு லாபமும் உண்டு. ஓடு போனால்தான் தடுப்புக்கோடு தெரியும். தடுப்பு ஓட்டைச் சந்திக்கும் இடத்தில் விழும் கோடு அது. அம்மோனைட்டில் கொத்தமல்லி இலையின் ஓரம் போல நுணுக்கமாகக் கிழிந்து கிழிந்து ஓடும். ஃபில்லோசெரஸ் குடும்பத்தில் முன்னோக்கிய மடிப்புகளின் நுனி முருங்கை இலை போல உருண்டு முடியும். வடிவமும் அலங்காரமும் காலத்துக்குக் காலம் திரும்பத் திரும்ப ஒன்று போல வரும். தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரி தட்டையாக, ஒரே மாதிரி முகட்டோடு வளர்ந்திருக்கும். தடுப்புக்கோடு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. குடும்பம் எது என்ற சந்தேகத்தை அது தீர்க்கும், இனத்தைப் பிரிக்க விலாவும் முண்டும் விகிதமும்தான் வேண்டும்.

சுருளே ஏமாற்றும் இடமும் காரையில் இருக்கிறது. டர்ரிலைட்டிஸ் கிடைத்தால் கோபுர நத்தை என்று எறிந்துவிடாதீர்கள். அதுவும் அம்மோனைட்தான், திருகாணி போல மேலேறிச் சுற்றியது, பக்கத்தில் முண்டு வரிசைகள் கொண்டது. கூர்முனையை மேலே வைத்துப் பிடித்தால் நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும், டர்ரிலைட்டிஸுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். நம் வலம்புரிச் சங்கு சுற்றும் அதே திசை. சங்கில் லட்சத்தில் ஒன்றாக மதிக்கும் திசை, இவற்றுக்கு அன்றாடம்.

படம் எடுப்பதற்கு ஒரு யோசனை. நடுப்பகல் வெயிலில் எடுத்தால் முண்டெல்லாம் அமுங்கிவிடும். காலையிலோ மாலையிலோ, வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து சாய்ந்து விழும்படி வையுங்கள். பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். பக்கவாட்டில் ஒன்று, முதுகை நேராக ஒன்று, உடைந்த முனையை நேராக ஒன்று, ஆக ஒரு கல்லுக்கு மூன்று படம். ஆய்வகங்களில் கல்லின் மேல் நவச்சாரப் புகையை வெள்ளைப் படலமாகப் படியவிட்டுப் படம் எடுப்பார்கள். கறை, நிறமெல்லாம் மறைந்து வடிவம் மட்டும் எழுந்து நிற்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வைத்திருக்கும் அதே நவச்சாரம்தான். ஆட்டுக்கடாக் கொம்புடைய அம்மோன் என்ற எகிப்தியக் கடவுளின் பெயரிலிருந்துதான் அம்மோனைட் வந்தது. அவர் கோயிலின் பக்கத்தில் கிடைத்த உப்பு என்பதால்தான் நவச்சாரத்துக்கு அம்மோனியம் குளோரைடு என்ற பெயரும் அமைந்தது. வீட்டில் அந்தப் புகையை முயல வேண்டாம், மூச்சுக்குக் கேடு. சாய்ந்த வெளிச்சமே போதும்.

கடைசியாக உங்கள் மூன்றாவது கல். மொழுமொழுவென்று, தொப்புள் கிட்டத்தட்ட மூடி, உருண்டையாக இருக்கிறது. டெஸ்மோசெரஸ் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அதில் லேசான இறுக்கங்கள் இருக்க வேண்டும், படத்தில் காணோம். புசோசியா என்றால் இவ்வளவு குண்டாக இருக்காது, வளைந்த இறுக்கங்களும் தெளிவாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது உடைந்த ஓரத்தில் இரண்டு தடுப்புக்கோடுகள் தெரிகின்றன. கொத்தமல்லி ஓரம் இல்லை, பிறை போலச் சாதாரணமாக வளைந்த கோடுகள். உடைந்த முனையில் தெரியும் தடுப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சின்ன வட்ட ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். பிராணியின் உடலிலிருந்து எல்லா அறைகளையும் ஊடுருவிப் போன குழாயின் துளை அது. அம்மோனைட்டில் அது முதுகை ஒட்டியே ஓடும். உங்கள் கல்லில் அது தடுப்பின் நடுவிலோ நடுவுக்குப் பக்கத்திலோ இருந்தால், நீங்கள் எடுத்து வந்தது அம்மோனைட்டே அல்ல, அதன் தூரத்து உறவான, சுருள் ஓடுள்ள நாட்டிலஸ். அவையும் அந்த வட்டாரத்தில் நிறையக் கிடைக்கின்றன.